ரொட்டி மூடிய கிளாஸ்

வோட்கா நிரம்பிய கிளாஸின் மேல் கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றை வைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் நகர்த்தினாள் தாஸ்யா. அது இறந்தவரின் பங்கு. நாற்பதாம் நாள்வரை யாரும் தொடமாட்டார்கள்.

காலையில்தான் அப்பா இன்னகென்தியைப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண்ணை இளக்க டயர் கொளுத்த வேண்டியிருந்தது. இப்போது பைக்கால் ஏரி ஆய்வுக்கூடம் முழுவதும் அவள் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்துச் சிரித்த வாய்கள்தான் எல்லாம். ஏரியின் ஆழத்தில் இறக்கிய கருவிகளில் சிக்கும் நியூட்ரினோத் துகள்கள், நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கும் தூசி மண்டிய கேலக்ஸிகளிலிருந்து வருகின்றன என்றார் அவர். "காமா கதிரும் நியூட்ரினோவும் ரெட்டைப் பிள்ளைங்களாச்சே, இன்னொண்ணு எங்கய்யா?" என்று கேட்டார்கள். அங்கிருக்கும் வெளிச்ச நெரிசலே காமாவை விழுங்கிவிடும், நியூட்ரினோ மட்டும் தப்பித்து வரும் என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இயக்குநர் ரோதியோன் லிவோவிச் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றாவது ஒருவர் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தாள் தாஸ்யா.

இயக்குநர் எழுந்தார். "நல்ல மனுஷன். மீன் பிடிக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல." துக்க வீட்டில் கிளாஸ்களை முட்டிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் சத்தமில்லாமல் குடித்தார்கள்.

"முப்பது வருஷமா அப்பா மீனா பிடிச்சிட்டிருந்தாரு?"

"இன்னிக்கு எதுக்கும்மா அந்தப் பேச்சு?"

இளம் விஞ்ஞானி பாயிரின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு எழுந்து நின்றான்.

"ஏரியில சிக்குனதோட மொத்தக் கணக்கும் முடிஞ்சிடுச்சு. அந்தத் தூசி கேலக்ஸிலருந்துதான் வருது. நியூட்ரினோ கொட்டுது, காமா பேருக்குக்கூட இல்ல!"

நாற்காலிகள் சரிந்தன. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். "நான் அப்பவே சொல்லல? நம்ம கணிப்புடா இது!" என்று கத்திய இயக்குநர், கைக்கு எட்டிய கிளாஸை எடுத்துப் பாயிரின் கிளாஸோடு ணங்கென்று முட்டி, ஒரே மடக்கில் குடித்தார்.

மற்றவர்களின் பார்வை அப்பாவின் படத்துப் பக்கம் திரும்பியது. இயக்குநர் மட்டும் கவனிக்கவில்லை.

"வாங்கடா, உடனே எழுதணும்." கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

பாயிர் வாசலில் தயங்கினான். "அக்கா, அப்பா பேரை..."

"போப்பா. உங்க பெரியவரு காத்திட்டிருப்பாரு."

தாஸ்யா தட்டுகளை அடுக்கினாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் மேஜை விரிப்பில் அந்த ரொட்டித் துண்டு கவிழ்ந்து கிடந்தது. அப்பாவுக்கு வைத்த கிளாஸ் காலியாக மேஜையின் மறுகோடியில் இருந்தது. பாட்டிலில் இன்னும் வோட்கா இருந்தது. அவள் ஊற்றவில்லை. கிளாஸைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்து, ரொட்டியால் மூடினாள்.