பலகையில் உட்கார்ந்த அத்தை

ராசம்மாள் வாழவந்த வீட்டில் எல்லாம் இருந்தது. கிணறு இருந்தது, கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் இருந்தது, மாந்தோப்பு இருந்தது, சொன்னால் கேட்கிற புருஷன்கூட இருந்தான். அவளும் மாரப்பனும் படுக்கிற அறைக்குக் கதவு மட்டும் இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய சேலை தொங்கியது. அந்த அறையின் பரண்மேல்தான் வீட்டுப் புளிப்பானை இருந்தது. மாமியார் கமலாத்தாளுக்குப் புளி எப்போது தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. விளக்கை அணைத்த பிறகும் தேவைப்பட்டிருக்கிறது.

கோவிந்தாபுரத்து ஆசாரியோ, கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். கதவுக்கென்று வாங்கிய நீளமான பலாப் பலகைகள் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தன. ராத்திரி தங்கும் கோழிகளுக்கு அவை சௌகரியமாகிவிட்டன.

இந்த நிலையில்தான் ராசம்மாளின் அண்ணன் செல்லத்துரை கோயமுத்தூர்ப் பட்டறையிலிருந்து ஒரு கரண்டு ரம்பத்தைக் கொண்டுவந்து இறக்கினான். கைப்பிடி வைத்த மோட்டார். பக்கவாட்டில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம். மறுநாள் சாயங்கால பஸ்ஸில் அது பட்டறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னான். சக்கரம் முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொட வேண்டும், முதுகுப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், வெட்டும்போது கோட்டைத் தின்றுவிடாமல் கோட்டுக்கு வெளியே ஓட்ட வேண்டும் என்று இன்னும் என்னென்னவோ சொன்னான். மாரப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடி சக்கரத்தில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ராசம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். கதவு அவளுக்கல்லவா வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் முதல் சிக்கல் வந்தது. அந்தப் பண்ணையத்தில் கரண்டு இருந்தது மோட்டார் ரூமில் மட்டுந்தான். ரம்பத்தின் வயரோ அந்த ரூமின் வாசலுக்கு மேல் எட்டவில்லை. பலகைகளைத் தோளில் சுமந்து கிணற்றுமேட்டுக்கு, மோட்டார் ரூம் வாசலுக்கே கொண்டுபோனார்கள்.

"வயரே இல்லாம ஓடற ரம்பம் ஒண்ணு செஞ்சிருக்கலாமுங்க," என்றாள் ராசம்மாள்.

"ஆமா புள்ள, டார்ச்லைட்டாட்ட பேட்டரி போட்டு ஓட்டலாம். அப்பறம் ரம்பத்தக் கையில புடிச்சிட்டு ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போலாம்," என்றான் மாரப்பன். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அடுத்தது பூஜை. சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு எலுமிச்சம்பழம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கமலாத்தாளின் சட்டம். மாட்டு வண்டிக்குக் கொடுத்தாள், டிராக்டருக்குக் கொடுத்தாள், ரம்பத்துக்கு மட்டும் எப்படி விட முடியும்? சந்தனம் குங்குமம் வைத்து, பழத்தைப் பலகைமேல் வைத்து, அறுக்கச் சொன்னாள். மாமனார் குப்பண்ணன் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். ரம்பம் உறுமியது. எலுமிச்சம்பழம் இருந்த இடம் தெரியாமல் போனது. அதன் சாறு முழுவதும் குப்பண்ணனின் கண்களில் இருந்தது. அவர் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்.

கண்ணாடியின் அருமை அப்போதுதான் மாரப்பனுக்கு உறைத்தது. ஓடிப்போய்த் தன் கல்யாணக் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு வந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பென்சில் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ராசம்மாள் மாமியாரின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்தாள். நூலை அதில் தோய்த்து, இழுத்துப் பிடித்துச் சுண்டினாள். கறுப்புக் கண்ணாடிக்கும் தெரிகிற மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

பலகை ஆடாமலிருக்க வேண்டுமே. இரண்டு முனைகளையும் இரண்டு கல்மேல் வைத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கமலாத்தாள் ஏறி உட்கார்ந்தாள். இந்தப் பக்கம், சிவந்த கண்ணோடு குப்பண்ணன். இருவரும் ஊஞ்சல் சடங்கில் உட்காரவைத்த பெண்ணும் மாப்பிள்ளையும் போல இருந்தார்கள்.

ரம்பம் கொஞ்ச தூரம் ஓடி, திணறி, நின்றது. மாரப்பன் அதைக் குறை சொன்னான். மறுபடியும் ஓட்டினான், மறுபடியும் திணறியது. கமலாத்தாள் தன் பாரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ராசம்மாளுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. இரண்டு பேர் பாரத்தில் பலகை நடுவே தொட்டில்போல் வளைந்து, அறுத்த வாய் மூடிச் சக்கரத்தைக் கவ்வுகிறது. அறுந்து விழ வேண்டிய பக்கம் தாராளமாக விழ வேண்டும் என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அத்தை. உட்கார்ந்த மாமியாரை எழுந்திரு என்று சொன்ன மருமகள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. புருஷனுக்குக் கண் ஜாடை காட்டினாள். கூலிங்கிளாஸுக்குப் பின்னால் அவன் கண் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் வந்துவிடும். அப்புறம் புளி, புளி, புளிதான்.

மாரப்பன் மூன்றாம் முறை ஓட்டினான். சக்கரம் கவ்விக்கொண்டது, ரம்பம் கோபம் வந்த கடாபோல் பின்னால் துள்ளி, அவன் வேட்டி முனையைக் கிழித்துக்கொண்டு போனது.

"எந்திரிங்க அத்தை!" என்று கத்திவிட்டாள் ராசம்மாள். கையோடு ஓடிப்போய் வயரையும் பிடுங்கினாள்.

ரம்பம் அடங்கியது. குப்பண்ணன் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். கமலாத்தாள் மெதுவாக எழுந்தாள். பலகை நிமிர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்; பலகை வளைந்தது. எழுந்தாள், நிமிர்ந்தது.

"அட சாமி. இத்தன நேரம் நாந்தானா குறுக்க உக்காந்திருந்தேன்?" என்றாள்.

குப்பண்ணன் அவசரமாக மறுபடி கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராசம்மாள் கல்லை நகர்த்தினாள். இரண்டு கல்லும் கதவுக்கு வேண்டிய பக்கத்தின் அடியில் போயின. மிச்சப் பக்கம் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கடலைக்கொடியைக் குவித்தாள். மாமனாரை மட்டும் வேண்டிய பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மாரப்பன் வயரை மறுபடி சொருகி, ரம்பத்தின் அடித்தகட்டைப் பலகையோடு படிய வைத்து, வேகம் எடுக்கும்வரை காத்திருந்து, வெள்ளைக் கோட்டின் ஓரமாகவே ஓட்டினான். துண்டு மெத்தென்று கொடிமேல் விழுந்தது. மற்றப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அளவில் அறுந்தன.

கமலாத்தாள் மிச்சத் துண்டுகளை முந்தானையால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, இதுகள ஒட்டுப்போட்டா இன்னொரு கதவு வராது?"

"வருமுங்க அத்தை. எதுக்குங்க?"

"எங்க ரூம்புக்குந்தான்." அவள் வேறெங்கோ பார்த்தாள். "நான் வந்த நாள்ல இருந்து அங்கயும் சேலைதான் தொங்குது. கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல."

குப்பண்ணன் இருமினார். பிறகு மகன் முகத்திலிருந்து கூலிங்கிளாஸைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, "தள்ளுடா," என்று ரம்பத்துக்குக் கை நீட்டினார்.

சாயங்காலம் ரம்பத்தோடு மாரப்பன் பஸ் ஏறியபோது, கமலாத்தாள் புளிப்பானையைப் பரணிலிருந்து இறக்கி அடுக்களையில் வைத்தாள். குப்பண்ணன் காப்பி குடிக்கும்போதும் கூலிங்கிளாஸைக் கழற்றவில்லை. கமலாத்தாள் அடிக்கடி அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், ராசம்மாளும் கழற்றச் சொல்லவில்லை.