வெளியூரில் ஜெயிக்காதவர்

ஒரு மனிதனை எதிரே நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டே, அவன் மாலைக்குத் தகுதியா இல்லையா என்று வாதாடுகிற மரியாதை தென்காசிக்காரர்களுக்குத்தான் வரும். அறுபத்திரண்டாம் வருஷம், சாரல் தொடங்கிய வாரத்தில், குறுமுனி பூப்பந்துக் கழகத்தின் புதுக் கட்டடத்தில் இசக்கிப்பாண்டிக்கு அந்த மரியாதை நடந்தது.

விஷயம் இதுதான். கழகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவருடைய படத்தை ஹாலில் மாட்டுவதென்று முடிவாகியிருந்தது. யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. ஐம்பதுகளில் குற்றாலம் சீசன் கோப்பையை இசக்கிப்பாண்டி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடித்து, நூல் பந்து நனைந்து கனக்கிற நேரத்தில் அவர் நடுவில் நின்று வெட்டினால், கோயம்புத்தூர்க்காரனும் மதுரைக்காரனும் திகைத்து நிற்பார்கள். அந்த வெட்டுக்குத்தான் அவருடைய வலது முழங்கையும் போயிற்று. இப்போது புளியங்குடி எலுமிச்சை மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர்களை மேய்க்கிற வேலை. தலை சீவுவதுகூட இடது கையால்தான்.

"கையைக் குடுத்தீகளே, அந்தக் கழகம் உங்களுக்கு என்னத்தக் குடுத்துச்சு?" என்று அவர் மனைவி மாடத்தி கேட்காத நாளில்லை. படம் ஏறிவிட்டால் அவளைக் கூட்டிவந்து காட்டிவிடலாம். இந்த ஒன்றுக்காகத்தான் மனுஷன் மண்டியில் லீவு சொல்லிவிட்டு, வெளுத்த சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் காந்திமதிநாதன் வக்கீல். எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம இசக்கிப்பாண்டி ஆட்டத்தை ஆரும் குறை சொல்லல. ஆனா அம்புட்டும் குத்தாலத்துச் சாரல்ல, நம்ம மண்ணுல, நம்ம காத்துல. உள்ளூர்ல ஓணான் புடிச்சாரு, சரி. வெளியூர்ல ஒரு உடும்பு புடிச்சாரா? நம்ம தில்லைநாயகம் மதுரைக்குப் போயி ரெண்டாம் பரிசு வாங்கிட்டு வந்தாம்லா?"

தில்லைநாயகம் வக்கீலுடைய அக்காள் மகன். உள்ளூர்ப் பந்தயங்களில் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

எண்ணெய்க்கடை மந்திரமூர்த்தி பழைய முன்வரிசை ஆட்டக்காரர். அவருக்குப் பொறுக்கவில்லை. "அந்த மதுரைக்காரனையே இங்கன வச்சுத் தோக்கடிச்சவருல்லாய்யா இவரு?"

"அவனைத் தோக்கடிச்சது சாரலுவே" என்றார் வக்கீல். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த முறை மதுரைக்குப் போகிற அணியில் முதல் பெயர் இசக்கிப்பாண்டியுடையதாகத்தான் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் தலைவர் பால்வண்ணநாதன் கூப்பிட்டுவிட்டார். "மதுரையில எங்க சம்பந்தி வீட்டுலதான் எல்லாரும் தங்குதோம். ஆசாரம் பாக்குத வீடு. உமக்கு அங்கன தோதுப்படாதுவே" என்றார். சத்திரத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று இவர் சொல்லிப் பார்த்தார். ஆட்டக்காரனைச் சத்திரத்தில் போடுவது கழகத்துக்குக் கௌரவமில்லையாம். இவர் இடத்தில் தில்லைநாயகம் போனான். அதற்குப் பிறகு திருச்சிக்குப் போனபோதும் யாரோ ஒரு சொந்தக்காரர் வீடு குறுக்கே வந்தது. கழகத்துக்கு ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள்.

"என்னவே, நீரு என்ன சொல்லுதீரு?" என்று தலைவர் கேட்டார்.

"நான் வெளியூருக்கு ஏன் போகலன்னு அண்ணாச்சிக்குத் தெரியுமே."

தலைவர் விரல் மோதிரத்தைத் திருகினார். "பழசையெல்லாம் எதுக்குக் கிளறுதீரு? வெளியூர்ல ஜெயிச்சீரா இல்லையா, அதான் கேள்வி."

கையைக் கட்டி ஆற்றில் தள்ளியவனே கரையில் நின்றுகொண்டு, உனக்கு நீச்சல் தெரியவில்லையே என்று கேட்டால், தண்ணீருக்குள் இருப்பவன் என்னத்தைச் சொல்வான்? அங்கே இருந்த அத்தனை பேருக்கும் சங்கதி தெரியும்.

தில்லைநாயகத்தின் படத்துக்குச் சம்மதமானவர்கள் கைதூக்கலாம் என்றார் வக்கீல். கைகள் எழும்பின. மந்திரமூர்த்தியின் எண்ணெய்க்கடை இருப்பது தலைவருடைய கட்டடத்தில். மந்திரமூர்த்தி கையும் எழும்பியது. இசக்கிப்பாண்டி அந்தக் கையை மட்டும்தான் பார்த்தார்.

"தீர்மானத்தை நான் முன்மொழியுதேன். இசக்கிப்பாண்டி வழிமொழிஞ்சா அழகா இருக்கும், பெருந்தன்மையாவும் இருக்கும்" என்றார் வக்கீல். வெட்கம் என்று ஒன்று இருப்பதாக அவருடைய சட்டப் புத்தகங்களில் எழுதவில்லை போலிருக்கிறது.

இசக்கிப்பாண்டி எழுந்தார். "வழிமொழியுதேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவரே எழுந்து நின்று தட்டினார். ஓசை அடங்கட்டும் என்று இசக்கிப்பாண்டி பொறுமையாக நின்றார்.

"படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதணும்லா அண்ணாச்சி? அதையும் நானே சொல்லிருதேன். ‘மதுரையில் தங்குவதற்கு வீடு இருந்தவர்’னு எழுதுங்க."