பள்ளிக்கூடத்துச் சோறு

எல்லம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். கோழி கூடைக்குள் அடங்காவிட்டால் 'நரி தூக்கினு போவ' என்பாள். அடுப்பு புகைந்தால் 'நாசமாப் போவ'. புருஷன் வேதகிரி வேலை முடிந்து நேரம் கழித்து வந்தால் இன்னும் நாலு சேர்த்துக் கிடைக்கும். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே அவர்கள் இருந்த ஊரில் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள். திட்டி முடித்த கையோடு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பார்கள். வார்த்தையைக் கேட்டுக்கொண்டு எந்த நரியும் வந்ததில்லை.

அதனால் பின்னால் மகளிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் அவள் யோசித்துச் சொல்லவில்லை. மகள் சுலோச்சனாவுக்கு அப்போது ஆறு வயது. ஆஸ்பத்திரிக் காம்பவுண்டர் அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். கேழ்வரகு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, முடிந்தால் முட்டை என்று விரல் மடக்கிச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எல்லம்மாளுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. நடவுக்குப் போகும் முன்பே எழுந்து கேழ்வரகு மாவில் கீரையை உருவிப் போட்டு அடை தட்டுவாள். ஒரு நாள் வெல்லம் போடுவாள், ஒரு நாள் வெங்காயம் போடுவாள். தூக்குச் சட்டியில் வைத்து, மேலே ஒரு கடலை உருண்டையும் வைத்து மூடிக் கொடுப்பாள்.

அந்தப் பெண்ணுக்கு நாக்கு இருந்ததே, ராஜா வீட்டில் பிறந்திருக்க வேண்டியது. பச்சையாக ஏதாவது தெரிந்தால் போதும், இலை இலையாகப் பொறுக்கித் தூக்கின் ஓரத்தில் ஒட்டி வைத்துவிடும். வெல்ல அடை பிசுபிசுக்கிறதாம். வெங்காய அடை நாறுகிறதாம். முட்டையில் மஞ்சள் ஆகாது, வெள்ளையும் வழவழப்பு. சாயந்திரம் தூக்கைத் திறந்தால் போட்டதில் பாதி அப்படியே இருக்கும்.

"ஏண்டி துன்னல?" என்று கேட்டால், "வறட்டி மாதிரி கீதும்மா" என்று பதில் வரும். வேதகிரி அடக்க முடியாமல் சிரித்துவிடுவான். அவனுக்கும் சேர்த்து எல்லம்மாள் திட்டுவாள். ஆனாலும் மறுநாள் விடிவதற்குள் எழுந்து, அடையை இன்னும் மெல்லிசாகத் தட்டிப் பார்ப்பாள்.

அந்த வருஷம்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட ஆரம்பித்தார்கள். சுடுசோறு, மேலே பருப்புக் குழம்பு. பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோய் வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் நாளே சுலோச்சனா ஓடி வந்து தட்டு கேட்டாள். எந்தச் சாப்பாட்டுக்கும் முகத்தைச் சுளிக்கிற பெண் வாயெல்லாம் பல்லாக நின்று கேட்டது. வேறு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

எல்லம்மாளுக்குப் பழைய நினைவு ஒன்று நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து ஏரி வறண்டபோது, இதே சுலோச்சனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றவள் அவள். பிள்ளைக்கும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றச் சொன்னாள். கரண்டி பிடித்தவன், அதுக்குப் பல்லு மொளைச்சிருச்சா என்று கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. அவளோடு களை எடுக்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் இருவரும் பிழைத்தார்கள். அதனால்தான் அவளால் அதை மறக்க முடியவில்லை.

மகள் தட்டை நீட்டியதும் எல்லம்மாளுக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. தட்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"அந்தச் சோத்துல ஒரு பருக்க நீ துன்னா, என்னையே துன்ன மாதிரி. ஞாபகம் வெச்சிக்க."

சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். மகள் அதற்குப் பிறகு தட்டு கேட்கவே இல்லை. நல்ல வேளை, பெண் சொன்ன பேச்சு கேட்கிறது என்று எல்லம்மாள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சுலோச்சனா வரப்பில் வழுக்கி விழுந்தாள். அடை மொத்தமும் வாய்க்காலில் போயிற்று. மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் பூவரச மரத்தடியில் வெறும் தூக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஞானதாஸ் வாத்தியார் கவனித்தார். கையைப் பிடித்து அழைத்துவந்து வரிசையில் உட்காரவைத்து, அந்தத் தூக்கிலேயே சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றச் சொன்னார். பிள்ளை கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்ததாம். பிறகு பசி ஜெயித்துவிட்டது. மறு சோறும் கேட்டு வாங்கித் தின்றாள். சாயந்திரம் வாய்க்காலில் மண் போட்டுத் தூக்கைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தெருமுனைக்கு வந்தபோது எதிரே நாலு பேர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் அவள் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள்.

நடவில் எல்லம்மாள் காலைப் பாம்பு கடித்திருந்தது. வைத்தியர் வந்து பார்த்து, இது தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லை, பயத்தில் மயங்கிவிட்டாய் என்று சிரித்துவிட்டுப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் எல்லம்மாள் எழுந்து, தன்னைத் தூக்கி வந்தவர்களையே கேலி பேசிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த மகளை யாரும் கவனிக்கவில்லை.

அன்று இரவு சுலோச்சனா சாப்பிடவில்லை. மறுநாள் அடையைத் தொடவில்லை. எல்லம்மாள் கீரையில்லாத அடை சுட்டுக் கொடுத்தாள், மகள் தொடவில்லை. அரிசிச் சோறே வடித்துப் போட்டாள், மகள் வாயை இறுக்கிக்கொண்டாள். தண்ணீரை மட்டும் குடித்தாள். எல்லம்மாள் கெஞ்சினாள். பிறகு, கொழுப்புடி உனக்கு, நாக்கு அவ்வளவு நீளமாகிவிட்டதா என்று கரண்டிக் காம்பால் காலில் இரண்டு வைத்தாள். அந்தப் பெண் அழக்கூட இல்லை. அம்மாவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே அடி வாங்கினாள்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவளை ஞானதாஸ் வாத்தியாரே தோளில் போட்டுத் தூக்கிவந்தார். பாயில் கிடத்திவிட்டு, எல்லம்மாளை வெளியே கூப்பிட்டார்.

"ஏம்மா, புள்ளகிட்ட இன்னா சொல்லி வெச்சே? ஏன் துன்ன மாட்டேன்றன்னு கேட்டேன். 'பள்ளிக்கூடத்துச் சோத்த துன்னேன், அம்மா கட்டில்ல வந்துச்சு. இனிமே எந்தச் சோத்துல அம்மா கீதுன்னு எனக்குத் தெரியல சார்'ன்னு சொல்லுது."

எல்லம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டினி கிடந்த பிள்ளையை அடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னைச் சாகவிடக் கூடாது என்றுதான் ஆறு வயதுப் பெண் மூன்று நாள் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. பெற்றவளுக்கு அது புரியவில்லை. பாவி, பாவி என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். வாத்தியார்தான் தடுத்தார்.

உள்ளே போய், அது சும்மா சொன்ன பேச்சு, எனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆயிரம் தடவை சொன்னாள். ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லம்மாள் வேலைக்குப் போகவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அன்றைக்கு எறிந்து நெளிந்துபோன தட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் உட்கார்ந்தாள். சில பிள்ளைகள் சிரித்தன. சிரிக்கட்டும். கரண்டி அவள் முன்னால் வந்தபோது தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பாரு கண்ணு, நான் துன்றேன்."

ஒரு கை எடுத்துத் தின்றாள். விக்கியது. இன்னொரு கை தின்றாள். மகள் அவள் கழுத்தையும் மார்பையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லம்மாள் ஒரு சின்ன உருண்டையைப் பிடித்து மகள் வாயருகே கொண்டுபோனாள். சுலோச்சனா வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டு, மெல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா இருந்தாள். விழுங்கினாள். அடுத்த வாய்க்கும் அப்படியே பார்த்தாள்.

அதற்குப் பிறகு சுலோச்சனா தினமும் வரிசையில் உட்கார்ந்து, அம்மா இருக்கும் வயல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். வளர்ந்தாள், கீரைகூடத் தின்னப் பழகினாள். எல்லம்மாள் கோழியைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். ஊரில் அதை ஆச்சரியமாகப் பேசினார்கள்.

பதினெட்டு வயதில் மகளுக்குத் திருமுக்கூடலில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பந்தியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டார்கள். பாம்பு கடித்ததெல்லாம் மகளுக்கு ஞாபகம்கூட இல்லை, கேட்டால் சிரிப்பாள். மாப்பிள்ளை ஏதோ கேலி செய்ய, சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். முதல் வாயை எடுத்தவள், சாப்பிடாமல் தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் தேடினாள். கம்பத்தருகே நின்ற எல்லம்மாள் மேல் கண் பட்டதும்தான் கை வாய்க்குப் போனது.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இந்த ஒரு பார்வை. ஏன் பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லம்மாளுக்குத் தெரியும். நாளைக்கு மகள் திருமுக்கூடலில் இலை முன்னால் உட்கார்ந்து யாரைத் தேடுவாள் என்று நினைத்து, அவள் பந்தலுக்குப் பின்னால் போய் அழுதாள்.