டெஸ்மண்ட் தோண்டிய அங்கவடித் தகடு

பதினோரு மாதமாகப் பழம்பொருள் தேடி அலைந்த டெஸ்மண்டின் மெட்டல் டிடெக்டருக்குச் சிக்கியதெல்லாம் பீர் கேன் வளையங்களும் தோட்டாக் கூடுகளும்தான். இங்கிலாந்தின் லிங்கன்ஷரில் ஒரு பார்லி வயலோரம் காரை நிறுத்தும்போதே கூட வந்த நாரிஸிடம் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கும் ஒண்ணும் வரலேன்னா மெஷினை வித்துருவேன்யா."

மனைவி போன பிறகு, வாரத்தில் வாய்விட்டுப் பேச நாரிஸுக்கு மிச்சமிருந்தது இந்த ஆள் ஒருவர்தான். அதை வாய் திறந்து சொல்வாரா? மாட்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வழக்கம்போல வயலைக் கயிறு கட்டி ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பத்தாவது நிமிடமே நாரிஸ் ஒன்றைத் தோண்டி எடுத்தார். விரல் நீள வெண்கலத் தகடு, அதில் முழி பிதுங்கிய ஒரு மிருகம். ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் தாண்டிப் படையெடுத்து வந்த எவனோ ஒரு டேனிஷ்காரன் கால் வைத்துக் குதிரையேறிய அங்கவடியைத் தோல்வாரோடு பிணைத்தது. நாற்பது வருடமாக நாரிஸ் ஏங்கிக்கொண்டிருந்த சாமான். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்.

டெஸ்மண்ட் சிறுநீர் கழிக்க வேலிப் பக்கம் ஒதுங்கியிருந்தார். நாரிஸ் கயிற்றைத் தாண்டிப் போய் அவருடைய பாதியில் தகட்டைப் புதைத்து, மண்ணைப் போட்டு மூடி மிதித்துவிட்டுத் திரும்பினார். அழுகை வந்தது. பிளாஸ்கில் இருந்த டீயும் ஆறிப்போயிருந்தது.

அரை மணியில் டெஸ்மண்டின் மெஷின் கத்தியது. தோண்டினார், வெகுநேரம் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார்.

"கெடைச்சிருச்சு" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கிராம மண்டபத்தில், இப்படிக் கிடைப்பதையெல்லாம் பதிவு செய்யும் அதிகாரி ஹெட்டி, தகட்டைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"யாரு கண்டெடுத்தது?"

"இவருதான்" என்று நாரிஸைக் காட்டினார் டெஸ்மண்ட். "சரியான எடத்தையும் அவரே சொல்வாரு."

நாரிஸின் முகம் செத்துப்போனது. "நீதானேய்யா தோண்டினே?"

"தோண்டினேன். ஆயிரம் வருஷமா மண்ணுல கெடந்தது மூஞ்சி கழுவிக்கிட்டா வரும்? குழி மேல குதிகால்ல மூணு மிதி வேற. இந்த மாவட்டத்துலயே அப்படி மூடுறவன் நீ ஒருத்தன்தான்."

ஹெட்டி தன் பேனாவையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மெஷினை வித்துருவியா?" என்று கேட்டார் நாரிஸ்.

"எப்படிய்யா விக்கிறது? கெடைச்சதைத் திரும்ப மண்ணுல போட்டு மூடுற ஆளைத் தனியா வயலுக்கு விட முடியுமா?"