ஷாஹிதா வீட்டுப் பின் ஜன்னல்

1

இந்தக் கதை ஒரு பக்கெட் தண்ணீரில் பிறந்தது. சிரிக்காதீர்கள். வீரபாண்டிப் பக்கம் ஒரு வீதி, எதிர் மாடியில் டீயோடு நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வீதி கற்பனை. டீ நிஜம்.)

2

முதல் தொடக்கம்: "காற்று மாசைக் குறைக்க மாநகராட்சி எடுத்த நடவடிக்கைகளின்..." சீச்சீ, நோட்டீஸ்.

இரண்டாவது: "ஷாஹிதாவின் வானம் கறுத்துக் கிடந்த அந்த..." ஐயோ, வேண்டாம் சாமி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஷாஹிதா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். மகள் மஹ்னூருக்கு வீசிங். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் கட்டிங் வேஸ்ட்டைக்* கொட்டிக் கொளுத்துவார்கள். பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். ஷாஹிதா பின் ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பனியன் துணியைத் திணித்து, டேப் ஒட்டிவிட்டாள். புகையைக் கண்டால் பக்கெட்டோடு ஓடுவாள்.

* பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத்துணி. எரிந்தால் புகை நேரே தொண்டையில் வந்து உட்காரும்.

3

பிறகு மாநகராட்சி வண்டி கம்பெனி வாசலுக்கே வந்து வேஸ்ட்டை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது. [மாரக்காள் என்கிற கவுன்சிலரை வில்லியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தம்மா வண்டிக்கு முன்னால் நடந்து, கம்பெனி கம்பெனியாகக் "கொளுத்தாதீங்க சாமி" என்று கெஞ்சினதும் எனக்குக் கை வரவில்லை.]

ஒரு சாயங்காலம் வீதி முனையில் வெள்ளையாக ஏதோ எழும்பியது. "கொளுத்திட்டாங்களே பாவிக!" ஷாஹிதா ஓடினாள், பக்கெட்டை வீசி ஊற்றினாள். மொத்தமும் டிரைவர் சென்னியப்பன் தலையில். அது தூசி அடங்க ரோட்டில் தண்ணீரைப் புகைபோலத் தூவுகிற மாநகராட்சி லாரி.

"ஏனுங்க அக்கா, தண்ணிய தண்ணி ஊத்தியா அணைக்கறீங்க?"

"மன்னிச்சுக்கங்கண்ணா, புகைன்னு நெனச்சுட்டேனுங்க."

"இப்ப எங்கீங்க புகை? கொளுத்தி எத்தன நாளாச்சு!"

மகளுக்கு மூச்சு இழுப்பது நின்றதை, கண் பட்டுவிடும் என்று ஷாஹிதா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நடு ரோட்டில் சொல்லிவிட்டாள். "எம்புள்ள இப்ப நல்லாத் தூங்குதுங்கண்ணா. நீங்கெல்லாம் நல்லா இருக்கோணும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் டீ ஆறிப்போனது.

4

வசவு என்றால் பேனா தானாக ஓடும். நன்றி சொல்லத்தான் முக்க வேண்டியிருக்கிறது.

முடிவு அ: ஜன்னல் திறக்கிறது, குளுகுளுவென்று காற்று. திகட்டுகிறது.

முடிவு ஆ: திறந்த அன்றைக்கே எவனோ கொளுத்துகிறான். விமர்சகர்களுக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியாது.

இதோ, டேப்பை உரித்தாயிற்று, துணியைப் பிடுங்கியாயிற்று. மஹ்னூர் கொக்கியில் கை வைத்துவிட்டாள். "நாந்தான் தொறப்பேன்ம்மா."

"இரு கண்ணு, வாசம் வருதான்னு பாத்துக்கலாம்."

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் ஒருதரம் மூச்சை இழுத்துப் பாருங்கள். புகை வாசம் இல்லையென்றால் ஷாஹிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை கொக்கியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது.