மாமனார் வீட்டுப் பச்சைப் புள்ளி

மாமனார் வீட்டு வைஃபை பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதில் மூன்று மென்பொருள்களும் அன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. மருமகன் பச்சையை நம்பினான்.

மூன்றும் இலவசம்; எவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூலம். ஓர் இணையதளத்தையோ கருவியையோ ஓயாமல் தட்டிப் பார்த்து, பதில் வந்தால் பச்சைப் புள்ளி, வராவிட்டால் சிவப்பு. எது உருப்படி என்று ஒப்பிட்டு அறிக்கை தருவது அவன் வேலை. சோதிப்பதற்கு ஏதாவது அடிக்கடி செயலிழந்து விழ வேண்டும். அலுவலகத் தளமோ பிடிவாதமாக விழ மறுத்தது. மாமனார் குளிக்கப் போனாலும் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் போவார். "ஆளில்லாதப்ப யாரப் பாத்துக் கண்ணடிக்குது அது?" என்பார். தனியாக வாழும் அந்த மனிதரைப் போன்ற சோதனைக்கூடம் உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் வாய்த்ததில்லை. மூன்றையும் அவர் பெட்டியைத் தட்ட விட்டிருந்தான்.

முதலாவது மென்பொருள் தொடைநடுங்கி. ஒரு தட்டலுக்குப் பதில் இல்லையென்றாலே ஊரைக் கூட்டும். இரண்டாவது மஞ்சளைக் காட்டி மழுப்பும். மூன்றாவது மட்டும் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும். அவன் பரிந்துரை அதற்குத்தான்.

அன்று சற்று நேரத்தில் அதுவும் சிவந்தது. குளியல் நேரம் போனது, குட்டித்தூக்க நேரமும் போனது. அந்த வீட்டுச் சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. வைஃபை இருந்தால்தான் பேச்சு. மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"சாவி உன்கிட்டதான இருக்கு? அப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பெட்டி அணைஞ்சிருக்கு."

"அவரு அணைக்காம விட்டாத்தான் கவலப்படணும்" என்றாள். சிரிக்கவில்லை; கிளம்புவதாகச் சொன்னாள்.

அரை மணி கழித்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எத எடுக்கலாம்?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"பாத்துப் பாத்து உன் மூஞ்சி மஞ்சளாயிருச்சுப்பா."

அவர் நகர்ந்ததும் மூன்று புள்ளிகளும் ஒன்றாகப் பச்சையாயின. மருமகனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. மாமனார் எழுந்து போட்டிருக்கலாம். உள்ளே போனவள், அவனிடம் பேசுவதற்காகவும் போட்டிருக்கலாம். எந்தக் கை போட்டது என்று சொல்லும் வசதி மூன்றில் எதிலும் இல்லை.

மேஜையில் போன் அதிர்ந்தது. மனைவி. அவன் கை நீளவில்லை, அடித்து ஓய்ந்தது. ஒரே தட்டலை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று அறிக்கையில் எழுதியவன் அவன்தான்.

மறுபடி அடித்தது. திரையில் மூன்று புள்ளிகளும் கண் சிமிட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.