ஆளுக்கு நூற்று இருபது கிலோமீட்டர்

எனக்கு மூன்று அண்ணன்கள். பெரியண்ணன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நடு அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறார். சின்னண்ணன் கார் மெக்கானிக், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இப்படி ஒரு வீட்டில் பிறந்தவள் ஊர் ஊராகச் சுற்றியிருப்பாள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும். நான் எங்கள் நகரத்து எல்லையைத் தாண்டியதே நாலைந்து தடவைதான். ஒவ்வொரு தடவையும் வீட்டில் குருக்ஷேத்திரம்.

அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குச் சின்னண்ணன் தன் காரில் கூட்டிப்போனான். பெரியண்ணன் இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை. "ரயில்ல வந்தா கண்ணாஸ்பத்திரிக்காரன் உள்ள விடமாட்டேன்னா சொன்னான்?" என்று மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே குரலில் பேசியது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர், விமானக் கம்பெனியில் வேலை. "தரையில கால் படாத பொழப்பு, நமக்கு ஒத்துவராது" என்று மூவரும் தோளோடு தோள் நின்று அவரை விரட்டிவிட்டார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்து அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். நான் விட்டது வேறு கண்ணீர்.

போகட்டும். கதை அதுவல்ல.

நான் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பதினோரு வருடம், தற்காலிகமாக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, இன்னும் ஆறு மாதம் இரு என்பார்கள். நேற்று வந்த பையன்களுக்கெல்லாம் ஸ்லைடு பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் நிரந்தரமாகிப் போய்விட்டார்கள், நான் அதே முக்காலியில். இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. தலைமை மருத்துவமனையில் நிரந்தரப் பணி, திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேர்காணல். வயது வரம்பு நாற்பது. எனக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை தற்காலிகம்தான்.

தலைமை மருத்துவமனை இருக்கும் நகரம் முந்நூற்று அறுபது கிலோமீட்டர். காலையில் ஐந்தரைக்கு எக்ஸ்பிரஸில் ஏறினால் பதினொன்றுக்கு அங்கே காப்பி குடிக்கலாம். பேருந்தில் போனாலும் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார் என்றாலும் சரிதான். எதில் வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் என் தலைவலி.

கடிதத்தைப் படித்துக் காட்டிய ஐந்தாவது நிமிடம் பெரியண்ணன் ஆரம்பித்தார்.

"ரயில்ல போ. தண்டவாளத்துல குழி உண்டா, திருப்பம் உண்டா? படுத்துக்கிட்டே போகலாம்."

"படுத்துக்கிட்டே இருக்கவேண்டியதுதான்" என்றார் நடு அண்ணன். "சிக்னல் விழலைன்னு நடுக்காட்டுல ரெண்டு மணி நேரம் நிப்பாட்டுவாங்க. பஸ்ஸுன்னா நான் ஓட்டுறேன். என் தங்கச்சிக்கு முதல் சீட்டு."

"முதல் சீட்டுல உக்காந்து உன் ஹாரனைக் கேட்டுக் காது போகவா?" இது சின்னண்ணன். "கார்ல வீட்டு வாசல்ல ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கலாம்."

"வழியில நின்னு போச்சுன்னா?"

"நான் மெக்கானிக்!"

"அதான் கேட்டேன்" என்றார் பெரியண்ணன்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. "நான் தனியா, எனக்குப் பிடிச்சதுல போறேன்" என்று ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். "எங்களை யாருன்னு நினைச்சே?" என்று மூன்று பேரும் என்மேல் பாய்ந்தார்கள். சனிக்கிழமை நடு அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அப்போதுதான் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

எங்கள் அம்மாவுக்கு எதையும் மூன்றாகப் பங்கு போட்டே பழக்கம். சோப்புக்கட்டி வாங்கினால் நூலை வைத்து மூன்றாக அறுப்பாள். அப்பாவின் ஒரே கம்பளியைக்கூட மூன்றாகக் கிழித்தாள். யாருக்கும் கால் மூடவில்லை, ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. நாலாவதாகப் பிறந்த எனக்கு அறுக்கும்போது உதிர்ந்தது.

"எதுக்குடா சண்டை? முந்நூத்து அறுபது கிலோமீட்டர்தானே? ஆளுக்கு நூத்து இருபது. அவன் ரயில்ல கொண்டுபோய் விடட்டும், அங்கேருந்து நீ பஸ்ல கூட்டிப்போ, கடைசியில சின்னவன் கார்ல இறக்கிவிடட்டும்."

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டாம் என்று அந்த நிமிடமே கத்தியிருக்கவேண்டும். ஆனால் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசாத மூவரும் ஒரே மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

திங்கட்கிழமை விடியற்காலை நிலையத்துக்குப் போனோம். ஐந்தரை மணி எக்ஸ்பிரஸ் முதல் நடைமேடையில் நின்றது. நான் ஏறப் போனேன். பெரியண்ணன் கையைப் பிடித்து இழுத்தார்.

"அது இல்லம்மா. அது நூத்து இருபதாவது கிலோமீட்டர்ல நிக்காது."

எக்ஸ்பிரஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு, எல்லா நிலையத்திலும் நின்று நலம் விசாரிக்கும் பாசஞ்சரில் ஏறினோம். ஒன்பது மணிக்கு ஒரு குட்டி நிலையத்தில் இறங்கினோம். ஒரு வேப்பமரம், ஒரு குழாய், அதில் தண்ணீர் இல்லை. அங்கே நிலைய அதிகாரி பெரியண்ணனோடு பயிற்சியில் இருந்தவராம். "தங்கச்சி, ரத்தம் பாக்குறவ" என்று பெரியண்ணன் என்னை அறிமுகப்படுத்தினார். அவர் தன் சர்க்கரை அளவு ரிப்போர்ட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். நான் நின்றபடியே அதற்கு விளக்கம் சொன்னேன்.

நெடுஞ்சாலையில் நடு அண்ணனின் பேருந்து எனக்காக இருபத்தைந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஐம்பது பயணிகள். நான் ஏறியதும் அத்தனை கண்களும் என்னைச் சுட்டன.

"மகாராணி வந்தாச்சு, போலாமா?" என்றார் ஒருவர்.

"லேட்டு யாரால? ரயிலால" என்று நடு அண்ணன் பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எல்லாரும் பாத்துக்கங்க."

ஆனால் ஓட்டினார் பாருங்கள், அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். வண்டி பறந்தது. இரண்டு மணிக்குள் போய்விடலாம் என்று எனக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்துப் படிக்கக்கூட ஆரம்பித்தேன். பதினொன்றரை தாண்டியிருக்கும், வண்டி குறைந்து ஓரமாக நின்றது. இரண்டு பக்கமும் பொட்டல்.

"இறங்கும்மா" என்றார் அண்ணன்.

"இங்கயா?"

"இருநூத்து நாப்பது ஆயிடுச்சு."

பக்கத்து இருக்கை அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இங்க ஒண்ணுமே இல்லையேம்மா. யாரைப் பாக்கப் போறீங்க?"

"யாரையும் இல்ல. எங்கண்ணனோட பங்கு முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"அண்ணா, சின்னண்ணனைக் காணோமே. இந்த பஸ்ஸே அங்கதானே போகுது? நான் இதுலயே வந்துடறேனே" என்று கெஞ்சினேன்.

"பேச்சுன்னா பேச்சு. நான் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டினேன்னா அவன் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவான். ரெண்டு நிமிஷத்துல வந்துருவான், நில்லு."

இறங்கினேன். நான் போகவேண்டிய ஊரின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு அந்தப் பேருந்து என் கண்ணெதிரே போயிற்று. ஒன்றே முக்காலுக்கு அது அங்கே போய்ச் சேர்ந்ததாம். பின்னால் தெரிந்தது.

சின்னண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கே? நான் இருநூத்து நாப்பதுல நிக்கிறேன்" என்றான்.

"நானும் இருநூத்து நாப்பதுலதான்டா நிக்கிறேன்!"

கோபத்தில் அண்ணனை டா போட்டது அதுதான் முதல் தடவை. விஷயம் இதுதான். பெரியவர் ரயில் நிலையத்திலிருந்து கணக்கிட்டிருக்கிறார், நடு அண்ணன் பேருந்து நிலையத்திலிருந்து, சின்னவன் தன் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். எங்கிருந்து அளப்பது என்று ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடுமாம்.

அவன் எனக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் நின்றான். சாலை நடுவில் தடுப்புச் சுவர். திரும்ப ஒரு இடைவெளி தேடிப் போய், என்னைத் தாண்டி, மறுபடியும் திரும்பி வர முக்கால் மணி நேரம். வெயிலில் என் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ரத்த அணுக்களின் பெயர்களைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர்கள் பயந்து ஒதுங்கிப் போனார்கள்.

கார் வந்தது. பளபளவென்று இருந்தது. எனக்காக நேற்றுத்தான் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தானாம்.

"அதனால அறுபதுக்கு மேல போகக்கூடாது. பொறுத்துக்க."

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மணி மூன்று.

நேர்காணல் அறை வாசலில் இருந்த எழுத்தர் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மணிக்குக் கூப்பிட்டோம். உங்க பேரை அடிச்சாச்சு. கிளம்புங்கம்மா."

"மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"போகமாட்டேன். அஞ்சரை மணியிலேருந்து மூணு வண்டி மாறி வந்திருக்கேன். பதினொரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். நீங்க விளக்கை அணைச்சாலும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்!"

நான் இவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டில் ஒரு வயதான டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குரல் நல்லா இருக்கு. கண்ணு எப்படின்னு பாக்கலாம், வாங்க" என்றார்.

மைக்ராஸ்கோப், பத்து ஸ்லைடு, பத்து நிமிடம். கண்ணை லென்ஸில் வைத்ததும் ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை, அண்ணன்களும் இல்லை. அங்கே எனக்கு எல்லாம் தெரியும். ஒன்பதைச் சொல்லி முடித்தேன். பத்தாவதில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை.

"இதை வச்சு எதுவும் சொல்லமாட்டேன் டாக்டர். மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"காலையிலேருந்து பதினாலு பேர் அதுக்கு ஒரு வியாதி சொன்னாங்க" என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

ஐந்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர் ஒட்டினார்கள். என் பெயர். மூன்று தடவை படித்தேன். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தேன்.

வெளியே வந்தேன். சின்னண்ணன் காரில் சாய்ந்து நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் பெரியண்ணன், நடு அண்ணன், அம்மா, மூவரும் இருந்தார்கள்.

"இதோ வந்துட்டா, அவளையே கேளுங்க" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "சொல்லும்மா, லேட்டானது யாரோட பங்குல?"

"ரயில் சொன்ன நேரத்துக்கு வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார் பெரியண்ணன்.

"இருபத்தஞ்சு நிமிஷத்தை நான்தானே ஓட்டிப் புடிச்சேன்? சொல்லு!" என்றார் நடு அண்ணன்.

வேலை கிடைத்ததா என்று அம்மாவாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். "மூணு பேரும் சமமாக் கொண்டுவந்து விட்டாங்களாடி?" என்றாள் அம்மா.

அன்றைக்கு அது வலித்தது.

"வேலை கிடைச்சிருச்சு" என்றேன். "நாளைக்கே சேரணும். முதல் வருஷம் முழுக்க லீவு கிடையாது. அதனால நான் அங்க வரமுடியாது. என்னைப் பாக்கணும்னா நீங்கதான் வரணும். எதுல வர்றதுன்னு பேசி முடிவு பண்ணிக்கங்க."

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "ரயில்னா..." என்று ஆரம்பித்தார். போனைச் சின்னண்ணன் கையில் கொடுத்துவிட்டு வாடகை அறை தேடி நடந்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. இன்னும் யாரும் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோபம் தீர்ந்தபாடில்லை, ஆனாலும் அந்த மூன்று தடியன்களையும் பார்க்கவேண்டும் போலத்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"உன்னைப் பாக்காம என்னவோ மாதிரி இருக்குடி."

"அவங்களை விடும்மா. நீ கிளம்பி வா. தனியா வா."

"தனியாவா?" என்றாள் அம்மா. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்திருப்பாள் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதுலடி வருவேன்? எதுல வந்தாலும் ரெண்டு பேரு என்கிட்ட பேசமாட்டானுங்களே."